கண்ணாடி அலமாரியில் ஒரு மாத்திரைக் குப்பி

எங்கள் சபைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது பாஸ்டர் இல்லை, ஒரு கண்ணாடி அலமாரி. நகைக்கடையில் வைப்பது போல உள்ளே விளக்குப் போட்டுப் பூட்டி வைத்திருப்பார்கள். நகை ஒன்றும் கிடையாது. ஊன்றுகோல்கள், மூக்குக்கண்ணாடிகள், ஒரு காது மெஷின், மாத்திரைக் குப்பிகள். ஜெபத்தில் சுகம் கிடைத்தவர்கள் இனி இது எனக்கு வேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் கொண்டுவந்து ஒப்படைத்தவை. அப்படி ஒப்படைப்பது எங்கள் சபையின் வழக்கம். பாஸ்டரும் நல்ல தடிமனான கண்ணாடிதான் போட்டிருப்பார். அது மட்டும் ஏன் உள்ளே போகவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "பிரதர், நீங்க லிப்டை மட்டும் ரிப்பேர் பண்ணுங்க" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். கெட்ட மனிதர் இல்லை. யாருக்காவது உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டால் சட்டைப் பொத்தானை வழியில் போட்டுக்கொண்டு ஓடி வருகிறவர்.

அந்த அலமாரியின் மேல்தட்டில், நட்டநடுவில், வெல்வெட் துணியின் மேல் ஒரு பழுப்புநிறக் குப்பி இருக்கும். அது என் மனைவியுடையது.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. பள்ளிக்கூடத்தில் அவளைத் தனி பெஞ்சில் உட்கார வைத்தார்களாம். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் பாஸ்டர் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார். அவளும் குப்பியைக் கொண்டுபோய் ஒப்படைத்தாள். சில வாரங்கள் ஒன்றும் வரவில்லை. மேடையேறித் தான் சுகமானதைச் சாட்சியாகச் சொன்னாள், சபையே எழுந்து நின்று கைதட்டியது. அன்றிலிருந்து அவள் பெயரே அற்புதம் என்று ஆகிவிட்டது. புதிதாக யார் வந்தாலும் அவளைத்தான் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்துவார்கள். தனி பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிறகு எங்கள் சமையலறையில் வலிப்பு வந்தது. கொதிக்கிற தண்ணீரை முழங்கையில் கவிழ்த்துக்கொண்டு விழுந்தாள். அவளுக்கு நினைவு திரும்பும்போது நான் எப்போதும் ஒரே கேள்வியைக் கேட்பேன். "நீ யாருன்னு சொல்லு பாப்போம்." அதற்குப் பதில் வந்தால் ஆள் திரும்பிவிட்டாள் என்று அர்த்தம். அன்றைக்குக் கை வெந்து கிடக்கிற நிலையில் அவள் சொன்னது, "சுகமானவ."

லிப்ட் மெக்கானிக் நான். பத்து மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கியிருக்கிறேன். அந்த ஒரு சொல் என்னைப் பயமுறுத்திய அளவு எதுவும் பயமுறுத்தியதில்லை.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இனி நீங்களாக நிறுத்தக் கூடாது என்று அவர் திட்டி அனுப்பினார். புது மாத்திரை தையல் மெஷின் மேலிருக்கும் பொத்தான் டப்பாவுக்குள், பொத்தான்களுக்கு அடியில் குடியேறியது. அதற்குப் பிறகு வலிப்பு வரவில்லை. முழங்கைத் தழும்பைப் பற்றிக் கேட்டவர்களிடம் வேலை செய்யுமிடத்தில் சுட்டுக்கொண்டேன் என்றாள். ஹோட்டல் விரிப்புகளை வெளுக்கும் சலவை நிலையத்தில், சூடான உருளையில் இஸ்திரி போடுகிறவள் அவள். அதனால் எல்லோரும் நம்பினார்கள்.

உண்மையைச் சொல்ல ஒரு தடவை பாஸ்டரைத் தேடிப் போனாள். அவர் வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் குப்பியைக் காட்டிக் கண் கலங்கிக்கொண்டிருந்தார். "இதோ, அவங்களே வந்துட்டாங்க!" என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டார். கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

இதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்குள் இருந்தவரை ஓடியது. அந்தச் சனிக்கிழமை அது வாசல் தாண்டிவிட்டது.

வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, அவ மாத்திரையை நிறுத்திட்டா."

"எவ?"

"மடிப்புக்காரி. அவ பொண்ணுக்கு."

சலவை நிலையத்தில் இவள் உருளையிலிருந்து வரும் விரிப்புகளை எதிரில் நின்று மடிக்கிறவளைத்தான் நாங்கள் மடிப்புக்காரி என்போம். அவள் மகளுக்கும் இவளைப் போலவே வலிப்பு. இவள் சாட்சியைக் கேட்டுத்தான் தாயும் மகளும் சபைக்கு வந்தார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணுக்கு ஞானஸ்நானம். அதற்கு முன்னால் போன வாரமே மாத்திரையை நிறுத்தி, குப்பியைப் பாஸ்டரிடம் கொடுத்துவிட்டாளாம். அதை விரிப்பு மடித்துக்கொண்டே, பூரிப்போடு இவளிடம் சொல்லியிருக்கிறாள். "உங்க குப்பிக்குப் பக்கத்துலயே வைக்கச் சொன்னேன்கா."

ஆளைத் தண்ணீரில் முக்கி எடுக்கும் ஞானஸ்நானத் தொட்டியின் படிகளையும் கைப்பிடியையும் வெல்டிங் வைத்துக் கொடுத்தவனே நான்தான். அந்தத் தண்ணீர் அந்தப் பெண்ணுக்கு நெஞ்சளவு வரும்.

"போனைப் போடு. உடனே சொல்லு."

போட்டாள். நான் பக்கத்திலேயே நின்றேன்.

"தங்கச்சி... பொண்ணுக்கு இன்னைக்கு மட்டும் கடையில வாங்கியாவது மாத்திரையைக் குடுத்துரேன். நாளைக்கு ஞானஸ்நானம் முடியட்டும். அப்புறம் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

மறுமுனையில் மடிப்புக்காரி சிரித்தாள்.

"என் விசுவாசத்தைச் சோதிக்கிறீங்களாக்கா? வேண்டியவங்க வாயாலயே சந்தேகம் வரும்னு பாஸ்டர் சொன்னாரு. நீங்க என்ன மாத்திரை போட்டுக்கிட்டா சுகமானீங்க?"

இவள் வாயைத் திறந்தாள். அந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தொண்டைவரை வந்தது, நான் பார்த்தேன்.

"சும்மா கேட்டேன். நீ தூங்கு" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று அம்மா சொல்வார். அன்று தலைக்கே ஏறியது. போனைப் பிடுங்கினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னா அவ நம்ப மாட்டா. உங்களை அங்க அரை விசுவாசின்னுதான் எல்லாரும் சொல்றாங்க. என் வாயாலதான் சொல்லணும்."

"அப்போ சொல்லித் தொலையேன்!"

"சொன்னா அப்புறம் நான் யாருங்க?" என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "இதை எடுத்துட்டா எங்கிட்ட என்ன இருக்கு? பழையபடி அந்தத் தனி பெஞ்சுதானே?"

"ஆண்டவர்கிட்ட என்ன சொல்லுவ?"

"அவருக்கு எல்லாம் தெரியும். நான் தினமும் மாத்திரையை முழுங்கறது அவர் முன்னாலதானே? அவர்கிட்ட நான் பொய் சொல்லல. மத்தவங்ககிட்டதான் சொல்லிட்டேன். ஆனா அவர் பேரை வெச்சுச் சொல்லிட்டேன்."

தையல் மெஷின் பக்கத்தில் ஜெபிக்க முழங்கால் போட்டாள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. எழுந்து வந்தபோது, "நாளைக்கு ஆராதனைக்கு முன்னாடியே அவளைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிடறேன்" என்றாள். சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

மறுநாள் சீக்கிரமே போனோம். எங்களை முந்திக்கொண்டு ஊரே வந்திருந்தது. அலமாரியில் இவள் குப்பிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வெள்ளைக் குப்பி, அதில் பாதிக்கு மேல் மாத்திரை. பூட்டுச் சாவி பாஸ்டரின் இடுப்பில் தொங்கும். அவர் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்கப் போயிருந்தார்.

உடை மாற்றும் அறை வாசலில் மடிப்புக்காரி இவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே வெள்ளை அங்கியில் அந்தப் பெண். பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும், முகம் வெளிறியிருந்தது.

"ராத்திரி தூங்கினியாம்மா?" என்று இவள் கேட்டாள்.

"இல்ல ஆன்ட்டி. காலையிலேருந்து ரப்பர் எரியற நாத்தம் வருது. அம்மாகிட்ட சொன்னா, ஒண்ணும் இல்லைங்கிறாங்க."

இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வலிப்பு வருவதற்கு முன்னால் இவளுக்கு வருவதும் அதே நாற்றம்தான். வேறு யார் மூக்குக்கும் எட்டாத நாற்றம்.

"தங்கச்சி, ஒரு நிமிஷம் இப்படி வா, உங்கிட்ட..."

உள்ளே டிரம்ஸ் ஆரம்பித்துவிட்டது. "சிஸ்டர், எல்லாரும் வரிசையில நில்லுங்க" என்று யாரோ கையைத் தட்டினார்கள். மடிப்புக்காரி இவள் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். இவளை இன்னொருத்தி மேடைப் பக்கம் தள்ளினாள். ஞானஸ்நானத்துக்கு முன்னால் இவள் சாட்சி சொல்வதும் வழக்கம்தான். கூட்டத்தில் சிக்கி நான் சுவரோரம் ஒதுங்கினேன்.

மைக்கைப் பிடித்தவள் வரிசையில் அந்தப் பெண்ணைத் தேடினாள். பாஸ்டர் மேடையை ஒட்டியிருந்த தொட்டிக்குள் இறங்கி, தண்ணீரில் நின்றபடி தலையசைத்து உற்சாகப்படுத்தினார்.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று தொடங்கினாள். வாய் பழகிய தடத்தில் ஓடியது. "சின்ன வயசுலேருந்து எனக்கு வலிப்பு. பார்க்காத டாக்டர் இல்ல..." சபை அடுத்த வரிக்குக் காத்திருந்தது. அந்த வரி எல்லோருக்கும் மனப்பாடம். அவள் நிறுத்திவிட்டாள்.

வரிசையில் முதலில் நின்ற அந்தப் பெண்ணை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். பெண்ணின் கண் ஒரு பக்கமாக நிலைகுத்தி நின்றது. உதடு எதையோ மெல்லுவது போல அசைந்தது. விரல்கள் அங்கியைப் பிய்த்துப் பிய்த்து இழுத்தன.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா இரண்டு கையையும் தூக்கினார்.

"ஆவியானவர் இறங்கிட்டாரு! புள்ளை மேல இறங்கிட்டாரு!"

அவ்வளவுதான். கூட்டம் முழுக்க அல்லேலூயா. டிரம்ஸ்காரர் அடித்து நொறுக்கினார். மடிப்புக்காரி ஆனந்தத்தில் முழங்காலில் விழுந்து அழுதாள். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையாகப் பிடித்து, அந்தப் பெண்ணைப் படியில் ஏற்றி, தொட்டிக்குள் இறக்கத் தொடங்கினார்கள். "வா மகளே" என்று பாஸ்டர் கையை நீட்டினார். நான் கத்தினேன். பக்கத்தில் நின்றவர் நானும் துதிக்கிறேன் என்று நினைத்து என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"இறக்காதீங்க!"

ஸ்பீக்கர் அலறியது. என் மனைவிக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று எனக்கே தெரியாது.

"அது ஆவியானவர் இல்ல, வலிப்பு! புள்ளையை மேல தூக்குங்க!"

டிரம்ஸ் நின்றது. கையைப் பிடித்திருந்த ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "சிஸ்டர், நீங்களே அவிசுவாசமாப் பேசலாமா? உங்களுக்கு வந்த சுகம்..." என்றாள். பிடியை விடவில்லை.

"எனக்குச் சுகம் வரல!" என்றாள் இவள். "தினமும் மாத்திரை போடறேன். அந்த அலமாரியில இருக்கறது பழசு. புதுசு என் வீட்டுப் பொத்தான் டப்பாவுல இருக்கு. எனக்கு வர்றதுதான் அவளுக்கும் வருது. தூக்குங்க அவளை!"

யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதற்குள் அந்தப் பெண் விறைத்தாள். ஈரக் கைகள் நழுவின. முகம் குப்புறத் தண்ணீருக்குள் விழுந்தாள். பாஸ்டர் பாய்ந்து பிடிக்கப் போய் வழுக்கினார், கண்ணாடி தெறித்துத் தண்ணீருக்குள் போனது. ஒன்றும் தெரியாமல் அவர் கைகளால் துழாவிக்கொண்டிருந்தார்.

மைக்கை வீசிவிட்டு மேடையிலிருந்து அப்படியே தொட்டிக்குள் குதித்தாள் என் மனைவி.

நான் எத்தனை பேரை இடித்துத் தள்ளினேனோ தெரியாது. தொட்டியை எட்டியபோது அவள் அந்தப் பெண்ணின் தலையைத் தண்ணீருக்கு மேல் தன் தோளில் தாங்கிக்கொண்டிருந்தாள். வெட்டி வெட்டி இழுத்த கை இவள் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. அவளும் பாஸ்டரும் கீழிருந்து தள்ள, நான் மேலிருந்து வாங்கினேன். மேடைக் கம்பளத்தில் ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். ஒருவர் வாய்க்குள் ஸ்பூன் வைக்க ஓடி வந்தார், நான் போட்ட அதட்டலில் ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டார்.

"அமுக்கிப் பிடிக்காதீங்க. போயிடும். தானாப் போயிடும்" என்று இவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள்.

நின்றது. பெண் இருமினாள், தண்ணீரைக் கக்கினாள். மெல்லக் கண்ணைத் திறந்தாள். ஈரம் சொட்டச் சொட்ட இவள் குனிந்து, நான் எப்போதும் கேட்பதை அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"நீ யாருன்னு சொல்லு பாப்போம்."

அந்தப் பெண் சுற்றிலும் நின்ற முகங்களைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. உதடு கோணியது.

"வலிப்புக்காரி."

"நானும்தான்" என்றாள் என் மனைவி. "நானும் வலிப்புக்காரி. ஆண்டவரோட பொண்ணு. நீயும் அப்படித்தான். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும், பயப்படாதே."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதேன், அதில் என்ன வெட்கம்?

மடிப்புக்காரி எழுந்து வந்தாள். மகளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இவள் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

"உன்னை நம்பித்தானேடி நிறுத்தினேன்!"

நான் எழப் போனேன். இவள் கையை மட்டும் அசைத்து என்னை உட்காரச் சொன்னாள். அறை வாங்கிய கன்னத்தைத் தடவக்கூட இல்லை. "ஆமா" என்றாள்.

பாஸ்டர் கண்ணாடி இல்லாமல், தண்ணீர் சொட்ட, அலமாரி முன்னால் நின்று சாவித் துவாரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். சாவி இங்கும் அங்கும் உரசியது. மடிப்புக்காரி போய் அவர் கையிலிருந்து சாவியை வாங்கினாள், திறந்தாள், வெள்ளைக் குப்பியை எடுத்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வந்தது. இவளும் ஏறப் போனாள்.

"நீ வராதே."

இவள் நின்றுவிட்டாள். கதவைச் சாத்தும் நேரத்தில் மடிப்புக்காரி தலையை வெளியே நீட்டினாள். கோபம் அப்படியே இருந்தது.

"டாக்டர் கேட்டா நான் என்ன சொல்றது?"

"நிறுத்தினதைச் சொல்லு. எப்போ நிறுத்தின, எதுக்கு நிறுத்தின, எல்லாம் சொல்லு. என் பேரையும் சொல்லு. எதையும் மறைக்காதே."

அந்த வாரம் எங்கள் போன் ஓயவில்லை. பொய்ச்சாட்சி என்றார்கள். பிசாசு புகுந்துவிட்டது என்றார்கள். அவ்வளவு வருஷம் மேடையில் நின்று நடித்தாளே என்று ஒருவர் என்னிடமே வருத்தப்பட்டார். என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. சலவை நிலையத்தில் மடிப்புக்காரி எதிரில் நின்று விரிப்புகளை மடித்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்ணுக்கு ஆபத்தில்லை, வீட்டுக்கு வந்துவிட்டாள் என்பதைக்கூட வேறு ஆள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். இத்தனைக்கும் நடுவில் என் மனைவி குப்பியைப் பொத்தான் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேஜையில், உப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். இரவில் நன்றாகத் தூங்கினாள். குறட்டைகூட விட்டாள். அவள் குறட்டை விட்டு நான் அதுவரை கேட்டதே இல்லை.

பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். உடைந்த கண்ணாடிக்கு டேப் ஒட்டியிருந்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல சிஸ்டர்?"

"சொல்லத்தான் வந்தேன் பாஸ்டர். நீங்க குப்பியைப் பார்த்து அழுதுட்டிருந்தீங்க."

அவர் மேஜையில் இருந்த குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குச் சர்க்கரை" என்றார். "ஊசி போட்டுக்கறேன். எங்க வீட்டு பிரிட்ஜுல முட்டைக்குப் பின்னாடி இருக்கு. என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்."

கேலி செய்ய எனக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. வாயே வரவில்லை. இவள் எழுந்து போய் அவருக்குச் சர்க்கரை போடாமல் டீ கொண்டுவந்தாள்.

அடுத்த ஞாயிறு போக வேண்டுமா என்று கேட்டேன். "போகாம? என் வீடு அது" என்றாள். அலமாரிக் கதவு திறந்து கிடந்தது. அவரவர் பொருளை அவரவர் எடுத்துக்கொள்ளலாம் என்று பாஸ்டர் அறிவித்தார், தன் ஊசியைப் பற்றியும் எல்லோரிடமும் சொன்னார். ஒரு குடும்பம் எழுந்து வெளியே போய்விட்டது. பல காலமாகத் தடவித் தடவி நடந்த ஒரு பெரியவர் தன் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாராவது சாட்சி சொல்றீங்களா?" என்று பாஸ்டர் கேட்டார். குரலில் பழைய உற்சாகம் இல்லை.

என் மனைவி எழுந்தாள். மேடைக்குப் போகவில்லை, மைக்கும் கேட்கவில்லை. இருந்த இடத்திலேயே நின்றாள். முன்னால் எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் விரல்கள் என் தோளைக் கவ்விப் பிடித்திருந்தன.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றாள். "இந்த வாரம் ஒரு நாள்கூட விடாம மாத்திரை போட்டேன். ஒளிக்காமப் போட்டேன்."

அவ்வளவுதான் சாட்சி. ஒருவரும் கைதட்டவில்லை. அவள் உட்காரவும் இல்லை.

கடைசி வரிசையில், மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கையைக் கட்டியபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்த மடிப்புக்காரி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"ஆமென்."